எழாத இழை

"இது உனக்கு வராது!"

மூன்றே சொற்கள். வசைமொழியன்று, வன்மொழியுமன்று. சினம் தலைக்கேறிச் சொன்னதன்று. சலிப்பு மேலிட்டுச் சொன்னது. ஆறாம் வகுப்பிலே, நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க, சுண்ணக்கட்டியும் கையுமாகக் கரும்பலகை முன் நின்ற ஒரு சிறுமியை நோக்கிச் சொல்லப்பட்டது. சொன்னவர் யார்? வேறு எவருமல்லர்; நாமேதான்.

ஆயிரத்திலிருந்து 386ஐக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. சிறுமி எழுதிய விடை 1,386. "கழிக்கச் சொன்னால் கூட்டுகிறாள்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பே கொல்லென்று நகைத்தது. அந்த நகைப்பை அடக்கியிருக்க வேண்டிய நாம், மூன்று சொற்களால் அதற்கு முத்திரையிட்டோம். சிறுமி அழவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தாள். அன்று முதல் கணக்குப் பாடவேளையில் அவள் கை உயரவேயில்லை.

நாம் பிரம்பைத் தொட்டவரல்லர். ஆகவே சட்டத்தை மீறியவருமல்லர் என்றொரு நிம்மதி நமக்கு இருந்தது. பொய்யான நிம்மதி! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என ஒன்று உண்டு. குழந்தையின் உடலைத் துன்புறுத்துவதை மட்டுமா அது தடுக்கிறது? உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்படி பட்ட தழும்பு பத்து நாளில் ஆறும். சொல்லடி பட்ட உள்ளம் எந்நாளில் ஆறும்?

அறியாமை குற்றமா? குற்றமெனில் யாருடைய குற்றம்? அறியாதவருடையதா, அறிவிக்க வந்தவருடையதா? இக்கேள்விக்கான விடை ஆசிரியப் பயிற்சி ஏடுகளிலே எழுத்தாய் இருக்கிறது. நாமும் படித்திருக்கிறோம், தேர்விலே எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆயினும் அது நெஞ்சிலே ஏறியது ஏட்டின் முன்னன்று. ஒரு தறியின் முன்.

கல்லூரி விடுதியில் நம்மோடு ஓரறையில் வாழ்ந்த தோழி ஆவோ நாகர் இனத்தவர். நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்து மலையூர் ஒன்று அவர் பிறந்த இடம். சென்ற கோடை விடுமுறையில் அவர் அழைப்பை ஏற்று அங்கே சென்றோம். அவருடைய பாட்டியாரிடம் இடுப்புத்தறி நெசவு பயின்றோம். பயின்றோம் என்பது மிகை. பயிலத் தொடங்கினோம் என்பதே முறை.

தறி என்றதும் காஞ்சியிலும் சேலத்திலும் கண்ட குழித்தறியே நம் கண்முன் வரும். நெய்பவர் எழுந்து போனாலும் அங்கே தறி தறியாகவே நிற்கும். இடுப்புத்தறி அப்படியன்று. சில மூங்கிற் கோல்கள், வாள் வடிவில் செதுக்கிய ஒரு மரத்துண்டு, முதுகைத் தழுவும் ஒரு பட்டை, இவ்வளவே கருவிகள். பாவின் ஒரு முனையிலுள்ள கோலை வீட்டுச் சுவரோடு கட்டிவிடுகிறார்கள். மறுமுனைக் கோல் நெய்பவரின் மடிக்கு மேலே நிற்கிறது. அதன் இரு நுனிகளையும் இடுப்புக்குப் பின்னால் சென்று வரும் பட்டை இணைக்கிறது. பாதங்களை ஒரு கட்டையில் ஊன்றிக் கால் நீட்டித் தரையில் அமர்ந்தால், உடலே தறியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. எழுந்துவிட்டாலோ தறி இல்லை. சுருட்டி மூலையில் வைக்கத்தக்க ஒரு கட்டுக் கோல்கள்தாம் எஞ்சும்!

நாகர் மலையில் மட்டுமன்று. மணிப்பூரிலும் மிசோரத்திலும் இத்தறி உண்டு. கடல்கடந்து இந்தோனேசியத் தீவுகளிலே உண்டு. அதற்கும் அப்பால், குவாத்தமாலாவின் மாயர்களிடத்திலும் பெருவின் மலைவாழ் மக்களிடத்திலும் உண்டு. மலையாலும் கடலாலும் மொழியாலும் பிரிந்து கிடந்த மக்கள், தத்தம் முதுகையே தூணாக்கி ஆடை படைத்தனர். அறிவு ஒரு குலத்தின் சொத்து, ஒரு நாட்டின் சொத்து என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

பாட்டியார் நெய்வதைப் பார்க்கையில் எல்லாம் எளிதாகவே தோன்றியது. முன்னே சாய்ந்தார், பாவு தளர்ந்தது. விழுதுக் கோலை உயர்த்தினார். ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகள் எழுந்தன. எழுந்த இழைகளுக்கும் கிடந்த இழைகளுக்கும் நடுவே ஒரு வாய் திறந்தது. வாளை அதில் நுழைத்து நிமிர்த்தினார், ஊடையைச் செலுத்தினார். பின்னே சாய்ந்தார், பாவு விறைத்தது. வாளால் ஓங்கி அடித்தார்; ஊடை படிந்தது. ஒரு வரிசை முடிந்தது. மூச்சு விடும் நேரந்தான்!

பிறகு நாம் அமர்ந்தோம். நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டி நெய்ய வேண்டும், அதுவே முதற்பாடம். பாட்டியார் சொல்லித் தர, விழுதுக்கான கண்ணிகளை நம் கையாலேயே கட்டினோம். விறைப்பே திறமை என்றெண்ணி ஓயாது பின்சாய்ந்தோம். விழுதுக் கோல் எழ மறுத்தது. வலிந்து தூக்கினோம், கண்ணி ஒன்று அறுந்தது. அஞ்சித் தளர்ந்தோம்; அடித்த அடி படியவில்லை. ஊடையை இழுத்து இறுக்கினோம். விளிம்பு உள்ளே குறுகி, நான்கு விரல் அகலம் மூன்று விரலாயிற்று. இடுப்பு நொந்தது, கால் மரத்தது, கண்ணும் கலங்கியது. நூல் பல கற்றோம் என்ற செருக்கோடு சென்ற நம்மை, ஒரு நூலிழை தலைகுனிய வைத்தது!

அருகே தோழியின் அண்ணன் மகள், எட்டு வயதுச் சிறுமி, வாய்பொத்திச் சிரித்தாள். பாட்டியார் அவளை அதட்டவில்லை, சேர்ந்து சிரிக்கவுமில்லை. ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தரும் வேலையை அவள் கையில் கொடுத்தார். நகைத்தவள் நமக்குத் துணைவியானாள்! நம் வகுப்பறையில் எழுந்த நகைப்பையும், அதை நாம் கையாண்ட முறையையும் அப்போது நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தோழியிடம் சொன்னோம்: "எனக்கு இது வராது."

சொன்ன மறுகணமே திடுக்கிட்டோம். எங்கோ கேட்ட சொற்களாக இருக்கின்றனவே! எங்கோ என்ன, நம் வாயிலிருந்தே புறப்பட்டவையல்லவா! அன்று ஒரு குழந்தையின் மேல் எறிந்த கல், மலையேறி வந்து நம் மேலேயே விழுந்தது.

தோழி அதை ஆவோ மொழியில் பாட்டியாரிடம் சொன்னார். பாட்டியார் நம் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். சாண் அளவு நெய்திருந்த பட்டியின் நடுவே, நீளவாக்கில், ஒரு மெல்லிய பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நம் கண்ணுக்கு அதுவரை அது புலப்படவில்லை. துணியைப் புரட்டினார். பின்புறத்திலே ஓரிழை எதனோடும் பின்னிப் பிணையாமல் தனியே கிடந்தது. பாவை விரலால் விலக்கி ஒவ்வோர் இழையாக எண்ணிக்கொண்டே போனார். அந்த இழை வந்ததும் நின்றார். அதற்குக் கண்ணி இல்லை! கட்டும்போது நாம் விட்டுவிட்டோம். விழுதுக் கோல் உயரும்போதெல்லாம் பக்கத்து இழைகள் எழுந்தன. அது மட்டும் எழவில்லை. எழாததால் ஊடை அதன் மேலேயே ஓடியது. ஒரு வரிசையிலும் அது துணியோடு சேரவில்லை.

பாட்டியார் ஒரு துண்டு நூலை எடுத்தார். அந்த இழைக்கு ஒரு கண்ணி கட்டினார். கோலோடு சேர்த்தார். நெய்த பகுதியைப் பிரிக்கச் சொல்லவில்லை. பட்டையை எடுத்து மறுபடி நம் இடுப்பிலே கட்டிவிட்டார். முன்னே சாய்ந்து கோலைத் தூக்கினோம். அந்த இழையும் எழுந்தது!

தோழர்களே, எழாமலிருந்த அந்த இழை நலிந்த இழையா? மட்டமான நூலா? அன்று! மற்ற இழைகள் வந்த அதே பந்திலிருந்துதான் அதுவும் வந்தது. அதே முறுக்கு, அதே நீளம், அதே நிறம். அதற்கு மட்டும் கண்ணி இல்லை. கட்ட மறந்த கை தன் மறதியை மறைத்து, இழையைப் பார்த்து "உனக்கு எழ வராது" என்று சொல்லுமானால், அது நீதியாகுமா?

"பிழை எங்கே?" என்று தேடினார் பாட்டியார். "பிழையானவர் யார்?" என்று தேடியவர் நாம். எங்கே என்று தேடுவோர் துணியைப் பார்க்கிறார். கண்ணி விட்ட இடத்தைக் காண்கிறார். யார் என்று தேடுவோர் முகத்தைப் பார்க்கிறார். பழிசுமத்த ஒரு தலை கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

இன்னொன்றும் கண்டோம். விறைத்து நிற்கும் பாவில் வாய் திறவாது. நெய்பவர் தாமே முன்வந்து தளர்ந்தால்தான் திறக்கும். துணியை உறுதியாக்குவது பின்சாய்வு. வழியைத் திறப்பது முன்சாய்வு. இரண்டும் வேண்டும். நாமோ வகுப்பிலே ஓயாது பின்சாய்ந்தே நின்றோம். அச்சிறுமி வாய்திறவாமல் போனதிலே வியப்பென்ன?

அந்தப் பாட்டியாருக்கு ஏறத்தாழ எண்பது வயது. பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். 1950களின் நடுவில் நாகர் மலைகளில் மூண்ட போர்ச்சூழலிலே அவர் படிப்பு நின்றுபோயிற்று. படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் வழங்கும் சட்டம் 1958இல் பிறந்ததும் அச்சூழலில்தான். அவருக்குப் படிப்பு வரவில்லை என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? வரவில்லை என்பது வேறு. வர விடவில்லை என்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துத்தானே உலகெங்கும் உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் கோடு கிழித்தார்கள்! நூல் இயற்றும் புலவனுக்கு நூல் நூற்கும் பெண்ணை உவமையாக்கியது நம் நன்னூல். அவள் கையிலுள்ள கதிரை அவன் மதிக்கு உவமை காட்டியது. நல்ல உவமைதான். உவமையிலே அவளுக்கு இடம் கொடுத்தோம், பள்ளியிலே கொடுத்தோமா?

"தறியை இவ்வளவு புகழ்கிறீரே, குலக்கல்வியை மறந்தீரா?" என்று கேட்போர் இருக்கலாம். மறக்கவில்லை. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பயிலட்டும் என்றது 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம். நாடு கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் தறியையா எதிர்த்தார்கள்? ஏரையா இகழ்ந்தார்கள்? தறிக்குழியிலிருந்து எழ முடியாதவாறு பிள்ளையின் காலைப் பிறப்பு என்னும் கயிற்றால் பிணைப்பதைத்தான் எதிர்த்தார்கள். நாம் காலையில் கட்டிய பட்டையை மாலையில் அவிழ்க்க முடிந்தது. அவிழ்த்துவிட்டு நம் தொழிலுக்குத் திரும்பவும் முடிந்தது. பிறப்பு கட்டும் பட்டைக்கோ அவிழ்க்கும் முடிச்சே கிடையாது! கைத்தொழில் கற்பது பெருமை. இது தவிர வேறொன்றும் உனக்கு வராது என்று கட்டிப்போடுவது கொடுமை.

பழமை என்பதற்காகவே நாம் எதனையும் போற்றவுமில்லை. ஆவோ நாகரிடையே சுங்கொதெப்சு என்னும் புகழ்பெற்ற போர்வை உண்டு. நெய்தோர் பெண்கள். அக்காலத்தில் அதைப் போர்த்தும் உரிமையோ ஆண்களுக்கு. அவர்களிலும் போர்த்திறமோ செல்வமோ மெய்ப்பித்தவர்களுக்கு மட்டுமே. நடுவே ஓடும் வெண்பட்டியில் உருவங்கள் தீட்டும் வேலையும் ஆண்களுக்கே. நெய்தவளின் கைக்கு ஆனது, அவள் தோளுக்கு ஆகாதாம்! குலத்தைக் காட்டி "உனக்கு ஆகாது" என்றார்கள். பெண் என்று காட்டி "உனக்கு ஆகாது" என்றார்கள். மதிப்பெண்ணைக் காட்டி "உனக்கு வராது" என்கிறோம். வாய்கள் வேறு, வாசகம் ஒன்று.

"பாட்டிக்கு ஒரே மாணவி, உமக்கோ நாற்பது பேர். ஒவ்வோர் இழையாகத் தேட நேரமேது?" என்பார் உண்டு. நியாயமான கேள்வி. கலைப்பட்டம் பெற்ற நம் தலையில் கணக்குப் பாடமும் ஏறியதே ஆள் பற்றாக்குறையால்தான். ஆனால் நேரமின்மை யாருடைய குறை? நம்முடையதாக இருக்கலாம், போதிய ஆசிரியரை அமர்த்தாத ஆட்சியினுடையதாக இருக்கலாம். அந்தக் குறையைக் குழந்தையின் நெற்றியில் எழுத நமக்கு உரிமை தந்தவர் யார்? "எனக்கு நேரமில்லை" என்பது உண்மை. "உனக்கு வராது" என்பது பொய். உண்மையைச் சொல்ல வெட்கி, பொய்யைச் சொன்னோம். அந்தப் பொய்யின் சுமையைப் பதினொரு வயதுத் தோள் தாங்கியது.

"எல்லாருக்கும் எல்லாமும் வந்துவிடுமா?" என்பது அடுத்த கேள்வி. பாட்டியாரைப் போல் நாம் ஒருநாளும் நெய்யப் போவதில்லை, அதை அறிவோம். விரைவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் மெல்ல நடப்பவருக்கு வழி இல்லை என்று அறிவிப்பது எந்த அறம்? மூன்று நாள் முயன்றதைக் கொண்டு நம்மைப் பற்றி நாமே தீர்ப்பெழுதியது தவறென்றால், ஒரே ஒரு கணக்கைக் கொண்டு ஒரு குழந்தைக்கு ஆயுள் தீர்ப்பு எழுதியது எத்துணைத் தவறு!

விடுமுறை முடிந்தது. சிறுமி ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவளை அழைத்து, அதே கணக்கைக் கொடுத்தோம். இம்முறை விடையைக் கேட்கவில்லை. எப்படிப் போட்டாய் என்று கேட்டோம். நெடுநேரம் தயங்கியபின் சொன்னாள்: "சுழியத்திலிருந்து ஆறு போகாது, டீச்சர். அதனால் ஆறிலிருந்து சுழியத்தை எடுத்தேன், ஆறு." அடுத்து எட்டு. அடுத்து மூன்று. இடப்பக்கம் மிஞ்சிய ஒன்று. ஆக, 1,386!

அவள் கூட்டவில்லை! ஒவ்வோர் இடமாகக் கழித்துத்தான் இருக்கிறாள். கூட்டினாலும் அதே விடை வரும் என்பதால் வகுப்பு நகைத்தது, நாமும் நம்பினோம். அவளுக்குக் கழித்தல் தெரியும். கடன் வாங்கிக் கழித்தல் தெரியாது. அவ்வளவே! கண்ணி விட்டது எங்கே? மூன்றாம் வகுப்பில் அப்பாடம் நடந்த மாதங்களில், பெற்றோர் செங்கற்சூளை வேலைக்குப் போனபோது அவளும் உடன் போயிருக்கிறாள். திரும்பி வந்தவளுக்கு அந்தப் பாடத்தை எவரும் நடத்தவில்லை. மூன்றாண்டுகளாக அந்த இழை எழாமலே கிடந்தது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவள் முன் வைத்தோம். நூறு குச்சி, பத்துக் கட்டு. முப்பத்தாறை எடுக்கச் சொன்னோம். மூன்று கட்டுகளை எடுத்துவிட்டாள். மீதி ஆறுக்கு உதிரிக் குச்சி இல்லை. ஒரு கட்டைக் கையில் எடுத்தாள். நம்மைப் பார்த்தாள். "இதை அவிழ்க்கலாமா, டீச்சர்?"

அவிழ்க்கலாம் என்று அவளிடம் இத்தனை ஆண்டுகளாக எவரும் சொல்லவில்லை!

ஆயிரத்துக்கு வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் 614 என்று எழுதினாள். இன்றும் எல்லாக் கணக்கும் அவளுக்குச் சரியாக வருவதில்லை. வராத இடத்தில் நின்று, "இங்கேதான் தெரியவில்லை" என்று சுட்டிக்காட்டுகிறாள். அந்த "இங்கே" போதும் நமக்கு. அதுவே கண்ணி கட்டும் இடம்.

ஒன்று மிஞ்சியிருந்தது. அறையில் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அவையிலே இழைத்த பிழைக்கு அறையிலே கேட்கும் மன்னிப்பு ஈடாகுமா? அன்று நகைத்த அதே பிள்ளைகள் நடுவே நின்று, "அன்று இவள் கூட்டவில்லை, நான்தான் பார்க்கத் தவறினேன். இவளுக்கு வராது என்று நான் சொன்னது பொய். மன்னித்துவிடு, அம்மா" என்றோம். குரல் தடுமாறியது. பிள்ளைகள் நகைக்கவில்லை. அவள் ஏட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மலையூரில் நெய்த பட்டி நம் மேசைமேல் கிடக்கிறது. கோணலும் குறுகலுமாய், நம் கையின் எல்லாக் குறைகளையும் காட்டிக்கொண்டு கிடக்கிறது. நடுவே ஒரு சாண் தொலைவு அந்தப் பள்ளம் ஓடி, சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் இழைகள் அனைத்தும் சேர்ந்திருக்கின்றன. பழைய வரிசைகளை நம்மால் மாற்ற முடியாது. அந்தச் சிறுமியின் மூன்றாண்டுகளையும் மீட்டுத் தர முடியாது. இனி வரும் வரிசைகள் நம் கையில் இருக்கின்றன.

ஆசிரியத் தோழர்களே! பெற்றோரே! நாளை ஒரு குழந்தை நம் முன்னே விழித்து நிற்கும். அந்த மூன்று சொற்கள் நாவின் நுனிவரை வரும். வரும்போது வாயை அடைப்போம். சற்றே முன்னே சாய்வோம். முகத்தை விட்டுவிட்டுத் துணியைப் பார்ப்போம். எந்த இழைக்கு யார் கண்ணி கட்ட மறந்தோம் என்று தேடுவோம்!